மை ஒட்டாத மோதிரங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அக்காவிடம் மோதிரம் செய்துகொண்டவர்கள் அனைவருக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு முடிகிறது. முன்பக்கத்தில் இருக்கும் படத்தை அக்கா மகன் தேர்ந்தெடுத்தான். அதில் அக்கா நன்றாகச் சிரிக்கிறார். நேரில் அவ்வளவு சிரிக்கிறவர் அல்ல. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், நினைவு மலரில் பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

என்னை எழுதச் சொன்னவர் அக்காவின் கணவர், எங்கள் மாமா. "பொறந்தது, வளந்தது, பட்ட கஷ்டம், எல்லாம் நல்லபடியா எழுதும்மா. அந்த மை சமாச்சாரம் மட்டும் வேணாம்" என்றார். மாமா என்னை மன்னிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே, "கல்லுல ஏதோ வெச்சு செஞ்சுட்டிருந்தாங்களாம், அதான் அவங்க மேலயே திரும்பிடுச்சாம்" என்று இரண்டு பேர் பேசியது என் காதில் விழுந்தது. யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கிறது. அதனால் மை சமாச்சாரத்தைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பா கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டவர். நாங்கள் இரண்டு பெண்கள், நான்கு வயது வித்தியாசம். அக்கா பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். பரீட்சை எழுதிய கையோடு அக்கா திருவண்ணாமலையில் ஒரு ராசிக்கல் கடைக்கு வேலைக்குப் போனார். முதலில் ஸ்படிக மாலை கோர்க்கும் வேலை. நான் பள்ளிக்கூடம் முடித்ததும், இன்று கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருப்பதும் அந்தச் சம்பளத்தில்தான். எனக்குப் பாவாடை சட்டை எடுத்துக்கொடுத்துவிட்டு அவர் பழைய தாவணியில் தீபத்துக்குப் போன வருஷங்கள் உண்டு. அதைப் பற்றி நான் ஏதாவது பேசினால், "அதுக்கு இன்னா இப்போ" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒரு தீபத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், கடையில் கல் பதிக்கிறவர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆர்டர் குவிந்து கிடந்தது. மாலை கோர்த்துக்கொண்டே இரண்டு வருஷம் அவர் கையைப் பார்த்திருந்த அக்கா, நான் பதிக்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்டார். "பதி. உடைச்சா மட்டும் என்கிட்ட சொல்லாத, அப்படியே ஓடிடு" என்றாராம் அவர். அக்கா உடைக்கவில்லை. கல்யாணம் ஆன பிறகு, மாமா ஆட்டோ ஓட்ட, அக்கா வீட்டிலேயே ஜன்னல் ஓரத்தில் மேசை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் செய்வார். லைட்டு வெளிச்சத்தில் கல் பொய் சொல்லும் என்பார்.

ராசிக்கல் மோதிரம் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் ஓட்டை இருக்கும், அதன் வழியாகக் கல்லின் பின்புறம் தெரியும். அழகுக்குப் போடும் மோதிரத்தில் அடியை மூடி, உள்ளே பளபளக்கும் தகடு வைத்துவிடுவார்கள். ராசிக்கல்லுக்கு அது ஆகாது. கல் தோலில் பட வேண்டும். பட்டால்தான் பலன் என்பது நம்பிக்கை. மோதிரம் இறுகும்போது விரல் சதை அந்த ஓட்டைக்குள் லேசாகப் பிதுங்கும். அந்தச் சதையைக் கல் தொட வேண்டும். ரொம்ப இறக்கிப் பதித்தால் விரலைக் குத்திப் புண்ணாக்கும். மேலே பதித்தால் படவே படாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு நூல் அளவு இடம். அக்கா பெயர் வாங்கியது அந்த ஒரு நூலில்தான்.

படுகிறதா இல்லையா என்று பார்க்க அக்காவிடம் ஒரு வழி இருந்தது. கல்லின் அடியில் டப்பியிலிருந்து கண்மையை எடுத்து ஒரு துளி தடவுவார். மோதிரத்தை விரலில் மாட்டி, ஒரு அழுத்து அழுத்திக் கழற்றுவார். விரலில் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தால் கல் படுகிறது. இல்லையென்றால் பிரித்து மறுபடி இறக்க வேண்டும்.

யாருடைய விரலில் போட்டுப் பார்த்தார் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்க மறைத்த விஷயம். மரக்குச்சியில் மாட்டிப் பார்க்க முடியாது, குச்சிக்குச் சதை ஏது. வாங்க வருகிறவர் விரலில் பார்க்கலாம் என்றால், அவர் நல்ல நேரம் குறித்துக்கொண்டு, பாலில் கழுவிச் சாமி முன்னால் வைத்துப் போட வேண்டும் என்று வந்து நிற்பார். அந்த நேரத்தில் கல் படவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றால் யார் கேட்பார்கள். அதனால் அக்கா தன் விரலிலேயே போட்டுப் பார்த்தார். எந்த விரலுக்குச் சரியாக இருக்குமோ அந்த விரல். எங்களுக்கு முன்னால் வேறு யார் உடம்பிலும் இந்தக் கல் படக் கூடாது என்று சொல்லித்தான் எல்லோரும் கல்லைக் கொடுத்தார்கள். அக்காவும் தலையாட்டித்தான் வாங்கினார். ஆகவே அவரிடம் மோதிரம் வாங்கியவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கல் முதலில் தொட்டது என் அக்காவை. கோபம் வந்தால் என்னிடம் வாருங்கள், அவரைத் திட்டாதீர்கள்.

இனி எழுதப்போவதை நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. நானே நம்புகிறவள் அல்ல. சத்துணவுக்கூடத்தில் அரிசியைக் கையால் அளைந்து பார்த்த பிறகுதான் நல்ல அரிசி என்பேன். ஆனால் அக்கா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

போளூர்ப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் மரகதம் கொடுத்திருந்தார். புதன்கிழமை காலை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. செவ்வாய் மதியம் அக்கா மை வைத்துப் பார்த்தார். கல் பட்டது, சில்லென்று இருந்தது என்றார் அக்கா. ஆனால் கழற்றினால் பொட்டு இல்லை. மையைத் துடைத்துப் புதிதாக வைத்தார். அழுத்தினார். விரலில் ஓட்டையின் வட்டம் தடமாக விழுந்தது. வட்டத்துக்குள் தோல் சுத்தமாக இருந்தது. கல்லின் அடியில் மையும் அப்படியே கலையாமல் இருந்தது. புதன்கிழமை அவர் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வந்தார். அந்தப் புதன் விடியலில் அவர் எழுந்திருக்கவே இல்லையாம். மோதிரத்தைப் பெரிய பையனுக்குப் போடப்போகிறோம், சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அக்கா உள்ளே வந்து மை வைத்துப் பார்த்தார். முதல் அழுத்திலேயே பொட்டு விழுந்தது. கல்லை ஒரு நூல் கூட இறக்கவில்லை, அதே மோதிரம்தான் என்று அக்கா என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்தது ஒரு பவளம். கிரிவலத்துக்கு வந்த ஆந்திரக் குடும்பம், தெலுங்கும் தமிழும் கலந்து பேசி, அடுத்த பௌர்ணமிக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று தங்கள் பெண்ணுக்காகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பொட்டு விழவில்லை. அந்தப் பௌர்ணமிக்கு அவர்கள் வரவில்லை, அதற்கு அடுத்த பௌர்ணமிக்கும் இல்லை. போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஒவ்வொரு பௌர்ணமியும் கூட்டத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடுவதாக அக்கா சொல்லியிருக்கிறார். அந்த மோதிரம் ஒரு தகர டப்பாவில் இருந்தது. முதலில் கவிழ்த்து வைத்திருந்தாராம், ஓட்டை மேலே இருக்கும்படி. பிறகு மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார். ஏன் என்று கேட்டேன். "பின்னாடியிலிருந்து பாக்கற மாதிரியே கீதுடி" என்றார்.

மூன்றாவது ஆள் இங்கேயே ஒரு லாட்ஜில் மேனேஜராக இருப்பவர். அவர் மோதிரத்திலும் மை ஒட்டவில்லை. இந்த முறை அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. அவரைக் கூப்பிட்டு, "சார், கொஞ்ச நாளைக்கு வண்டியில பாத்து போங்க, உடம்ப பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அவர் ஏன் எதற்கு என்று குடைந்து, கடைசியில் தெருவில் நின்று கத்தினார். "மோதிரம் கேட்டா சாவு சொல்றாங்கப்பா இந்தம்மா" என்றாராம். அக்காவைப் பற்றி இந்த ஊரில் கிளம்பிய பேச்சுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம். அந்த மனிதர் பயந்துபோய் மோதிரத்தை வாங்க வரவே இல்லை. ஆனால் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறார், போன வாரம் கூட டீக்கடையில் பார்த்தேன், என்னைக் கண்டதும் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். அவருக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறோம். மோதிரம் மாமாவிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.

மை ஒட்டாத மோதிரத்தின் சொந்தக்காரர் அதை வாங்க வரமாட்டார். அவ்வளவுதான் அது சொன்னது. அக்கா அதைச் சாவு என்று படித்துவிட்டார். லாட்ஜ் மேனேஜர் உயிரோடு நடமாடுவதைப் பார்த்தும் அவர் மனதில் அது மாறவில்லை. "அவரு தப்பிச்சிட்டாருடி, சொன்னதால தப்பிச்சாரு" என்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத காலத்தில் நானும் அவரிடம் ஒரு மோதிரம் கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர் யாரிடமோ ஜாதகம் காட்டி, எனக்கு நீலம் போட வேண்டும் என்று எழுதி வாங்கி வந்தார். எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மோதிரம் செய்து கொடுக்கிறாயே, என் கைக்கு ஒன்று கூட இல்லையே என்ற ஆசைதான். அக்காவுக்கு அதில் சந்தோஷம். "நீலம்னா விளையாட்டு இல்ல, நல்ல கல்லா நானே பாத்து எடுக்கறேன்" என்று சொல்லி, தன் காசில் கல் வாங்கினார். நடுவிரலுக்கு என் அளவை எடுத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கை ஒரே மாதிரி. சின்ன வயதில் வளையலைக்கூட மாற்றி மாற்றித்தான் போட்டுக்கொள்வோம்.

பத்து நாளில் தருகிறேன் என்றவர் ஒரு மாதமாகியும் தரவில்லை. கேட்டால், அளவு தப்பாக எடுத்துவிட்டேன் போல, கொஞ்சம் லூசாக இருக்கிறது என்றார். இன்னொரு முறை, கல்லை இன்னும் இறக்க வேண்டும் என்றார். கையில் இருந்த மற்ற ஆர்டர்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று மாமா சொன்னார். அப்புறம் தினமும் காலையில் ஆறு மணிக்கு எனக்குப் போன் வர ஆரம்பித்தது. எடுத்ததும் நலமா என்றோ, எழுந்துவிட்டாயா என்றோ கேட்கமாட்டார்.

"இருக்கியா?"

"இருக்கேன், எங்க போவேன்?"

"சரி, வெச்சுடறேன்."

ஒரு நாள் நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டு போனை எடுக்கவில்லை. எட்டு மணிக்கு மாமாவின் ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. அக்கா செருப்புகூடப் போடாமல் இறங்கி, என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். என் மாமியார், உங்கக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மதியமே பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போனேன்.

ஜன்னல் மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். மோதிரம் எதிரில் இருந்தது.

"இதுல இன்னாக்கா இருக்கு? குடுத்தா குடு, இல்லனா இல்லனு சொல்லு. காலங்காத்தால என் வீட்டு வாசல்ல வந்து மானத்தை வாங்கற."

அக்கா மோதிரத்தை எடுத்தார். மை டப்பியைத் திறந்தார். கல்லின் அடியில் தடவினார். தன் நடுவிரலில் மாட்டி, என் கண்ணெதிரே அழுத்தினார். கழற்றி விரலை வெளிச்சத்தில் நீட்டினார். ஓட்டையின் வட்டம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பொட்டு இல்லை. அப்போதுதான் நெல் வியாபாரி, பவளக்காரப் பெண், மேனேஜர் எல்லாக் கதையையும் சொன்னார். வெளியே பட்டப்பகல், தெருவில் பூக்காரர் கூவிக்கொண்டு போகிறார், எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது போல இருந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன்.

"குடு இப்படி, நான் போட்டு பாக்கறேன். விழுதா இல்லையானு தெரிஞ்சிடும்."

அக்கா மோதிரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். நான் பிடுங்கப் போனேன். அவர் அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, "வேணாம்டி, உன் கால்ல விழறேன், இத நீ போடாத" என்று அழுதார். அப்பா இறந்தபோதுகூட அக்கா அழுது நான் பார்த்ததில்லை. நான் விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் விடாமல் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் என் விரலில் பொட்டு விழுந்திருக்கும், ஏன் அவர் விரலில் விழவில்லை என்ற கேள்வி அங்கேயே வந்திருக்கும். இந்த ஒரு வருஷத்தில் இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

அதன் பிறகு அக்கா எனக்காகச் சனிக்கிழமை விரதம் இருந்தார். பிறகு திங்களும் சேர்ந்தது. பௌர்ணமி தவறாமல் வெறுங்காலில் மலையைச் சுற்றினார். கன்னம் ஒட்டியது, ரவிக்கை தொளதொளத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் விரதம் ஜாஸ்தி ஆகிவிட்டது, கொஞ்சம் கம்மி பண்ணு என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். முதுகு வலிக்கிறது என்று அவர் சொன்னதை, குனிந்தே வேலை செய்கிறவருக்கு வேறு எங்கே வலிக்கும் என்று விட்டுவிட்டோம்.

நான் முழு உடம்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இழுத்துக்கொண்டுதான் போனார். ரத்தம், ஸ்கேன், இருதயம் என்று ஒரு நாள் முழுக்க. ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் என் பைலை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதுகை நேராக வைக்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார். அங்கிருந்த நர்ஸ் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, "நீங்களும் எடுத்துக்கறீங்களாம்மா? இதோட சேத்து முடிச்சிடலாம்" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இவளை நல்லா பாருங்க" என்றார் அக்கா.

எனக்கு எல்லாம் நார்மல் என்று வந்தது. அக்கா அந்தத் தாளை நம்பவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது முழுக்க என் கையை விடவில்லை.

அந்த நாளிலிருந்து ஐந்தாவது வாரம் அக்கா வீட்டு வாசலில் மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கணையத்தில் கட்டி, கல்லீரல் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அங்கே பத்தொன்பது நாள். முதல் இரண்டு வாரமும் அவர் கவலைப்பட்டது என்னைப் பற்றித்தான். ராத்திரி பஸ்ஸில் வராதே, வெளியில் சாப்பிடாதே, பள்ளிக்கூடத்தில் அடுப்புப் பக்கம் போகாதே. நான் போய்விட்டால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். சாகப்போகிறவர், சாகாத என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பதினாறாவது நாள் காலை நான் பக்கத்தில் இருந்தேன். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பை நர்ஸ் அவர் நடுவிரலில் மாட்டினார். அது கழன்று விழுந்தது. அடுத்த விரலில் மாட்டினார். அதுவும் நிற்கவில்லை. "விரல்ல சதையே இல்லம்மா, ரீடிங் வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, சின்னக் குழந்தைகளுக்கு மாட்டுவதைக் கொண்டுவரப் போனார்.

அக்கா கையைத் தூக்கி முகத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மறு கையால் நடுவிரலைத் தடவினார். பிறகு என் கையை இழுத்து, தன் விரலுக்குப் பக்கத்தில் என் நடுவிரலை வைத்து அளந்தார். என் விரலில் பாதிதான் இருந்தது அவருடையது.

"எலும்புடி" என்றார். "எலும்புல எப்படி மை ஒட்டும்?"

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மோதிரம் லூசானதும், கல்லை எத்தனை இறக்கியும் படாததும் என் அளவால் அல்ல. நான்கு மாதத்துக்கு முன்பே அவர் உடம்பு உருகத் தொடங்கியிருக்கிறது. அதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்த மோதிரம் சொல்லியிருக்கிறது. யாரைச் சொன்னது என்பதில்தான் பிசகிவிட்டோம். நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. நெற்றிச் சுருக்கம் போனது. மாதக்கணக்கில் பார்க்காத முகம்.

"அப்பாடா" என்றார். "நீ இல்லடி. நான்தான்."

அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். என்னை ஒரு முறைகூட இருக்கியா என்று கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்குத்தான் காலை ஆறு மணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பந்தியில் பேசியவர்களுக்கு இதுதான் என் பதில். கல்லில் யாரும் எதுவும் வைக்கவில்லை. எதுவும் யார் மேலும் திரும்பவில்லை. ஒரு மனுஷி தன் விரலைப் பார்க்க மறந்து தங்கையின் உயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அப்படியென்றால் நெல் வியாபாரியின் மரகதத்தில் ஏன் மை ஒட்டவில்லை, அன்றைக்கு அக்கா நல்ல சதைப்பற்றோடுதானே இருந்தார் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. என் மோதிரத்தையும் அக்கா கையிலிருந்து நான் வாங்கவில்லை என்பதும் உண்மைதான். அதை நினைத்தால் இப்போதும் பகலிலேயே கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட நர்சுகள். குழந்தை கிளிப்பை வாங்கி வந்து, அக்கா சிரிப்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் தானும் சிரித்த அந்தப் பெண். மாமாவை ஒரு நாளும் தனியாக விடாத ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகள். அடி அண்ணாமலையிலிருந்து சோறு ஆக்கிக் கொண்டுவந்த சித்தப்பா வீட்டார். இறுதிப் பயணத்துக்கு வெயிலில் வந்து நின்ற ராசிக்கல் கடைக்காரர்கள், இத்தனை பேச்சுக்குப் பிறகும் வந்தவர்கள். தகர டப்பாவில் மேனேஜரின் மோதிரத்தோடு அந்தப் பவளமும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பெண் நலமாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், மோதிரத்தை நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கடைசி நன்றி, தேரடி வீதிப் பக்கம் ஒரு கடையில் கல் பதிக்கும் தம்பிக்கு. வருஷ திதிக்கு முந்தின மாதம், மாமா எடுத்துக் கொடுத்த என் நீலத்தோடு அவரிடம் போனேன். மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கல்லு ரொம்ப கீழ எறங்கியிருக்குதுங்களே. போட்டா உங்க விரலை குத்துமேங்க. கொஞ்சம் தூக்கி குடுக்கட்டுமா?"

"தூக்க வேணாம்பா. அடிய மூடிக் குடு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீலங்க இது. மூடிட்டா கல்லு உடம்புல படாது. பலன் இருக்காதுங்க."

"பலன் வேணாம்பா."

"சரிங்க. உள்ள மை காஞ்சு போய் ஒட்டியிருக்குது. தொடச்சிட்டு மூடறேன். இல்லனா கல்லு கறுப்படிக்கும்."

நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தக் கல் கடைசியாகத் தொடப் பார்த்தது என் அக்காவின் விரலை. அதற்கு மேல் ஒன்றும் அதில் படக் கூடாது, என் விரலும்தான்.

"கறுப்படிக்கட்டும். தொடைக்காம மூடு" என்றேன்.